மேல என்ன வெச்சிருந்தீங்க?

எங்கள் சங்கத் தலைவியை நான் இதய அறுவை சிகிச்சை நிபுணராக்கியது ஒரு வியாழக்கிழமை, மாலை நாலே முக்காலுக்கு. அச்சகக்காரர் ஐந்து மணிக்குக் கடையைச் சாத்துவார். மீதி என்ன நடந்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

எங்களுடையது சக்கர நாற்காலி இரவல் கொடுக்கிற சங்கம். கால் முறிந்தவர், முதுகில் அறுவை செய்துகொண்டவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்று யார் வந்தாலும் சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ மடக்குக் கட்டிலோ இலவசமாகக் கொடுப்போம். தேவை தீர்ந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மூன்று வருடமாக ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் இதை நடத்தி வந்தோம். அந்தக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் அறுபத்து மூன்று சக்கர நாற்காலிகளும் தெருவில்தான்.

பழைய பஸ் முன்பதிவு அலுவலகம் நகரமன்றத்தின் கையில் சும்மா கிடந்தது. தரைத்தளம், படி கிடையாது, கதவு அகலமானது. எங்களுக்கென்றே கட்டியது போல இருக்கும். நாங்கள் கேட்டோம். எங்கள் கெட்ட நேரம், இறகுப்பந்துக் கழகமும் கேட்டது. இருவரும் ஆளுக்கொரு கையேடு அச்சடித்துத் தாருங்கள் என்றது மன்றம். சங்கம் என்ன செய்கிறது, நிர்வாகிகள் யார், அவர்களுடைய தொழில் பின்னணி என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

செயலாளர் என்ற முறையில் அது என் தலையில் விழுந்தது. பிழைப்புக்கு நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் காரில் இரண்டு பிரேக் உண்டு, ஒன்று கற்றுக்கொள்பவருக்கு, இன்னொன்று என் குடும்பத்துக்கு. எங்கள் பொருளாளர் பிளம்பர். எங்கள் இரண்டு பேர் பின்னணியும் ஒன்றரை வரியில் முடிந்துவிட்டது. தலைவியிடம்தான் மாட்டிக்கொண்டேன்.

அவரை எல்லோரும் சீட்டக்கா என்போம். எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அதில் ஓர் அட்டைச் சீட்டைக் கட்டுவார். இரவல் போகும்போது சீட்டில் பாதியைக் கிழித்து வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு, மறுபாதியைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக்கொள்வார். வெறும் கையோடு யாரும் வெளியே போக முடியாது. ஒருமுறை என் குடையிலேயே சீட்டுக் கட்டிவிட்டார்.

"அக்கா, கையேட்டுக்கு வேணும். என்ன வேலை பார்த்தீங்க?"

"பார்த்தேன் தம்பி."

"அது சரி, எங்க?"

"பஸ்ல போய் வர்ற தூரத்துல."

மறுநாள் கேட்டேன். "எல்லாரும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்க்கிற வேலைதான்" என்றார். மூன்றாம் நாள் கேட்டபோது, என் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்குவதாகச் சொல்லி, ஊசி நூல் எடுக்கப் போய்விட்டார்.

அதனால் அந்தப் பத்தியைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கையேட்டை நான் ஒன்றும் மண்டையை உடைத்துக்கொண்டு தயாரிக்கவில்லை. நண்பர் ஒருவர் இதய நோயாளிகள் நலச் சங்கம் நடத்துகிறார். அவருடைய கையேட்டை வாங்கி, பெயர்களை மாற்றி, படங்களை மாற்றி, இதயம் இருந்த இடத்திலெல்லாம் சக்கரம் போட்டேன். தலைவி பத்தியில் மட்டும் படத்தை மாற்றிவிட்டு, எழுத்தை அப்புறம் மாற்றலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை நாலே முக்காலுக்கு அச்சகக்காரர், "எல்லாம் சரியா இருக்கா?" என்றார். "சரியா இருக்கு" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அது. அது வரைக்கும் அந்த இடத்தைப் பிடித்திருந்த பொய்யைக் கதை முடிவதற்குள் சொல்கிறேன்.

முந்நூறு பிரதி, பாதியை வெள்ளிக்கிழமையே ஊரில் கடை கடையாகக் கொடுத்துவிட்டேன். சீட்டக்கா நேராகப் பார்த்துச் சிரிக்கும் படத்துக்குக் கீழே: "இருபத்தெட்டு ஆண்டுகள் இதய அறுவை சிகிச்சை நிபுணராகப் பணியாற்றி, ஆயிரக்கணக்கான இதயங்களுக்கு மறுவாழ்வு அளித்தவர்."

முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை மதியம் போன் செய்தாள்.

"என்னங்க, உங்க சீட்டக்கா எப்போ டாக்டரானாங்க?"

"என்ன உளர்றே?"

"நானா உளர்றேன்? கடைக்கு மூணு பேர் வந்து கேட்டுட்டாங்க, அந்த ஹார்ட் டாக்டரம்மா எத்தனை மணிக்கு இருப்பாங்கன்னு. உங்க புக்ல நாலாம் பக்கம் பாருங்க. பார்த்துட்டு உட்காருங்க. இல்ல, உட்கார்ந்துட்டுப் பாருங்க."

உட்கார்ந்துதான் பார்த்தேன். அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை காலையில், இருபது பிரதிகளை நகரமன்றத்தில் என் கையாலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். இதில் மட்டும் என்னிடம் ஒழுங்குக்குக் குறைவில்லை.

கிடங்குக்கு ஓடினேன். அக்கா எதிரில் ஒருவர் இ.சி.ஜி. தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா தாளை வாங்கி நிதானமாக மடித்து, உறையில் போட்டு, அவர் கையிலேயே கொடுத்து, "இதை எடுத்த டாக்டர்கிட்டயே காட்டுங்க, அதுதான் சரி" என்றார். அவர், "பெரிய டாக்டர் பெரிய டாக்டர்தான்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மேசைமேல் கையேடு நாலாம் பக்கத்தில் விரிந்து கிடந்தது.

"அக்கா..." என்றேன்.

"ஆயிரக்கணக்குலயா தம்பி?" என்றார். "கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கலாம்."

திட்டியிருந்தால் தேவலை. அப்போது பிளம்பர் உள்ளே வந்தார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது. ஆனால் அவர் முகத்தில் கவலையே இல்லை.

"மன்றத்துல செம மரியாதைக்கா! நேத்து அங்க ஒரு குழாய் வேலைக்குப் போனேன். டாக்டர் தலைவின்னா கொடுத்துடலாம்னு பேசிக்கிறாங்க. இறகுப்பந்து அவ்வளவுதான்."

"நான் டாக்டர் இல்லையே" என்றார் அக்கா.

"அதை யாரு கேட்டா? செவ்வாய்க்கிழமை பார்வையிட வர்றாங்க. அதுவரைக்கும் நாலு நாள் டாக்டரா இருங்கக்கா. அப்புறம் ரிடையர் ஆயிடுங்க."

நான் வெட்கம் கெட்டவன், தலையாட்டினேன். "ஆமாக்கா, நாமளா ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேட்டா மட்டும் சிரிங்க."

அக்கா திரும்பிக்கொண்டார். ஒரு ஊன்றுகோலுக்குச் சீட்டுக் கட்ட ஆரம்பித்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பொய்க் கையேடு கொடுத்தவர்களுக்கு இடமில்லை. சொல்லாவிட்டால் இடம் கிடைக்கும், ஆனால் நேராகப் பார்த்துச் சிரிக்கும் அந்தப் படத்தை நான் இனிமேல் பார்க்க முடியாது. மூன்று ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன். "தூங்குங்க, இல்லேன்னா தலைவிகிட்ட ஆபரேஷனுக்கு அனுப்பிடுவேன்" என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை வந்தது. மன்றத் தலைவரும் மன்றத்துப் பொறியாளர் அம்மாவும் முதலில் இறகுப்பந்துக் கழகத்துக்குப் போனார்கள். மன்றத்து வண்டி பழுதாகி அங்கேயே நின்றுபோனது. தகவல் தெரிந்ததும் நான் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். பழகுநர் வண்டி என்று காட்டும் 'ப' என்ற எழுத்தைக் கூரைமேல் தாங்கிய காரில் மன்றத் தலைவர் முகம் சுளித்தபடி ஏறினார். அவர் மனம் குளிரட்டும் என்று, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பையை நானே ஓடிப்போய் எடுத்து, குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்து காரில் வைத்தேன்.

கிடங்குக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பை எடுக்கலாம் என்று பையின் ஜிப்பில் கை வைத்தவர் நிறுத்தினார்.

"இது என் பை இல்லையே."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"யாரய்யா இதை எடுத்தது? அதுல ரெண்டு விண்ணப்பமும் இருக்கு, மன்றத்து முத்திரை இருக்கு! அஞ்சு மணிக்குள்ள முடிவைப் பதிவு பண்ணணும், தெரியுமா? இதுகூடப் பார்த்து எடுக்கத் தெரியாதா? நீங்கதான் ஜனங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கிறவரா?"

கத்தினார். டயர் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் நின்ற இடத்திலேயே சின்னதாகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அக்காவைக் கவனித்தேன். அவர் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு புதுச் சீட்டை எடுத்து எதிரில் வைத்து, பேனா மூடியைக் கழற்றியிருந்தார். மன்றத் தலைவர் கத்தி முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தில் கோபமில்லை, பயமில்லை. மழை விடட்டும் என்று காத்திருக்கிறவர் முகம்.

கத்தல் ஓய்ந்தது.

"உட்காருங்க சார்" என்றார். "பை கிடைச்சுடும். மேல என்ன வெச்சிருந்தீங்க?"

"கறுப்புப் பைம்மா! இதே மாதிரி!"

"கறுப்புப் பை நூறு இருக்கும் சார். வெளியில எப்படி இருந்துச்சுன்னு யாரும் சரியா சொல்ல மாட்டாங்க. கடைசியா உள்ள வெச்சது மட்டும் யாருக்கும் மறக்காது. ஜிப்பைத் திறந்தா மேலாப்புல என்ன இருக்கும்?"

மன்றத் தலைவர் சுற்றிலும் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அப்புறம் மேசைமேல் குனிந்து அக்காவின் காதோடு ஏதோ சொன்னார். அக்கா முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. சீட்டில் எழுதி, கவிழ்த்து வைத்தார். என்னிடம் திரும்பினார்.

"தம்பி, நீ எடுத்தப்போ இந்தப் பை நாற்காலிக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது பக்கம்க்கா."

"சார், நீங்க?"

"நான் வலது பக்கம் வெச்சேன்."

அக்கா தப்பான பையைத் திறக்கவில்லை. தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே டப்பாவில் இறகுப்பந்துகள் லொடலொடத்தன. கழகத்துக்குப் போன் செய்து, சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேட்டார். அவர்களுடைய பயிற்சியாளர். அவருடைய போன் எண்ணை வாங்கி அழைத்தார்.

"வணக்கம். உங்க பை எங்ககிட்ட பத்திரமா இருக்குங்க. ஆமா, உங்க பைதான்... அப்போ உங்க கையில இருக்கிறது? ஆமாங்க, அது இவருது. திறக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டா? பஸ் கிளம்ப எவ்வளவு நேரம் இருக்கு? அங்கேயே நில்லுங்க, உங்க பையோட ஆள் வர்றார்."

எங்கள் பையை எடுத்தாயா என்று அவர் கேட்கவே இல்லை. உன்னுடையது பத்திரமாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். பிளம்பர் ஸ்கூட்டரில் போய்ப் பதினெட்டே நிமிடத்தில் திரும்பி வந்தார். மன்றத் தலைவர் பையை வாங்கி, ஓரமாகத் திரும்பி நின்று, ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்து, மூடினார். இந்த ஊரில் இதைவிட நிம்மதியான முகத்தை நான் பார்த்ததில்லை.

"என்னக்கா இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பைக்குச் சொந்தக்காரர் சொன்னாத்தான் உண்டு" என்றார்.

"அடடா, டாக்டர்னா டாக்டர்தான்!" என்றார் மன்றத் தலைவர் உரக்க. "என்ன நிதானம்! ஆபரேஷன் பண்ணின கையாச்சே!"

பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். சிரிங்கக்கா, வெறுமனே சிரிங்க.

"நான் டாக்டர் இல்ல சார்" என்றார் அக்கா. "இந்தப் புஸ்தகத்துல என்னைப் பத்தி இருக்கிறது ஒண்ணுகூட உண்மை இல்ல. நம்ம ஏர்போர்ட்ல தொலைஞ்ச பெட்டிகளுக்கு ஒரு கவுன்டர் இருக்கில்ல? அங்க முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தேன்."

பொறியாளர் அம்மா கையேட்டை மூடி மேசைமேல் வைத்தார். "அப்போ இது பொய்க் கையேடு."

"பொய் என்னுதுங்க" என்றேன். "அக்கா எழுதச் சொல்லல. இன்னொருத்தர் புஸ்தகத்தைப் பார்த்து அடிச்சேன், மாத்த மறந்துட்டேன். அவசரத்துல படிக்கவும் இல்ல. தண்டனை ஏதாவது இருந்தா எனக்குக் கொடுங்க. நாற்காலிகளை விட்டுடுங்க."

"தண்டனை இருக்கட்டும். இதுக்கு முன்னாடி ஒரு குழுவுக்கு இப்படித்தான் இடம் கொடுத்தோம். இரவல் போன சாமான்ல பாதி திரும்பி வரல. ரெண்டு வருஷத்துல வெறும் அறை. இங்க ஒரு பெரிய டாக்டர் இருக்காங்க, ஒழுங்கா நடக்கும்னு நம்பித்தான் வந்தேன். இப்போ எதை நம்பறது?"

அக்கா பிஸ்கட் டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல முப்பத்தெட்டு சீட்டு இருக்கு. அத்தனை நாற்காலி இப்போ வெளியில. ஏதாவது ஒண்ணை எடுங்க."

பொறியாளர் அம்மா அடியில் கையை விட்டு ஒரு பாதிச் சீட்டை எடுத்தார். "பதினேழு."

"பேக்கரிக்கு எதிர்ல உள்ள அடுக்குமாடி, மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு. தையல்காரர் ஒருத்தர், முழங்கால் ஆபரேஷன். இடது பிரேக் கொஞ்சம் இறுக்கம், நானே சொல்லித்தான் கொடுத்தேன். கைப்பிடியில அளவு நாடா தொங்கும். போன் நம்பர் பின்னாடி இருக்கு, நீங்களே பேசுங்க."

பேசினார். ஸ்பீக்கரில் போட்டார். "ஆமாங்க, தையல்காரர்தான். நாற்காலியா? அதுலதான் உட்கார்ந்திருக்கேன்... இடது பிரேக்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது. நீங்க யாரு?... கைப்பிடியிலயா? அளவு நாடாதாங்க, வேற என்ன மாட்டுவேன்?"

பொறியாளர் அம்மா இன்னொரு சீட்டை எடுத்தார். அதற்கும் பதில் வந்தது. மூன்றாவது நாற்காலி வெளியூருக்கே போயிருந்தது. அங்கே எந்தத் தெருவில், யார் வீட்டில், எந்த அறையில், எப்போது திரும்பும் என்று அக்கா சொல்ல, போனில் ஒரு பெண் குரல் ஒவ்வொன்றாக ஆமாம் ஆமாம் என்றது. நான்காவதை எடுக்கப்போன கை டின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

"மூணு வருஷத்துல எத்தனை தொலைஞ்சிருக்கு?"

"ரெண்டு. ஒண்ணு லாரி ஏறி நசுங்கிடுச்சு. இன்னொண்ணை இன்னும் தேடிட்டிருக்கேன். கிடைச்சுடும்."

அவ்வளவு நேரத்தில் முதல் முறையாகப் பொறியாளர் அம்மா சிரித்தார். "சார், எனக்கு டாக்டர் வேண்டாம். இவங்க போதும்."

"போதுமாவது!" என்றார் மன்றத் தலைவர், பையைத் தட்டிக்கொண்டே. "மன்றத்துல பத்து வருஷமா காணாமப் போன கோப்பெல்லாம் இவங்ககிட்ட கொடுத்தா வந்துடும் போலிருக்கே!" பையைத் திறந்து முத்திரையை எடுத்தார். கோப்பில் ஓங்கிக் குத்திய சத்தத்தில் டயர் கடைக்காரர்கள் மறுபடி எட்டிப் பார்த்தார்கள். பிளம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார். "அந்த ஒரு பத்தியைத் திருத்தி, நாளைக்குக் காலையில கொண்டு வந்து கொடுங்க" என்று என்னைப் பார்த்து விரல் நீட்டினார் மன்றத் தலைவர். "படிச்சுப் பார்த்துட்டு."

அவர்களை நான் காரில் கொண்டுபோய் விட்டேன். அவரவர் பையை அவரவரே எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது பிளம்பர் புது இடத்தை அளந்து பார்க்கப் போயிருந்தார். அக்கா மட்டும் டின்னை மூடிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, தாளும் பேனாவும் எடுத்தேன். கை ஓடவில்லை.

இப்போது அந்த இன்னொரு பொய். எனக்கு ஒரு கதை உண்டு. இரண்டு வருடம் வெளிநாட்டில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது ஏர்போர்ட்டில் என் பச்சைத் துணிப்பெட்டி வரவில்லை. நான் அந்தக் கவுன்டருக்குப் போய், அங்கே இருந்த பெண்ணைக் கிழி கிழி என்று கிழித்து, ஏர்போர்ட்டையே நடுங்க வைத்து, மூன்றாம் நாள் பெட்டியை வீட்டு வாசலுக்கே வரவழைத்தேன். இதைக் குரல் மாற்றி, மேசையைத் தட்டி, நடித்தே காட்டுவேன். சங்கத்தின் முதல் கூட்டத்தில், ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிச் சொன்னபோது, அக்காவின் முறைக்கு முன்னால் என் முறை. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்துப் பேச வேண்டிய அக்கா, "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டத்தில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "பெட்டியில எல்லாம் சரியா இருந்துச்சா தம்பி?"

"அக்கா" என்றேன். "நம்ம ஏர்போர்ட்ல அந்த மாதிரி கவுன்டர் எத்தனை?"

"ஒண்ணுதான்."

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி..."

"பச்சைத் துணிப்பெட்டி" என்றார். "மேல குழந்தை ஷூ. நடந்தா லைட் எரியுமே, அது. உன் பொண்ணுக்கு. இன்னொரு ஊர் ஏர்போர்ட்ல பச்சைப் பெட்டி அஞ்சாறு கிடந்துச்சு. அங்க இருந்த ஆளை ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒண்ணுல ஜிப் இடுக்குல மினுக்மினுக்குன்னு எரிஞ்சுதாம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"மூணு தடவை கேட்டேனேக்கா, என்ன வேலைன்னு. ஏன் சொல்லல? நேரா சொல்லுங்க."

அக்கா பேனாவை எடுத்து என் விரல்களுக்கு நடுவே சொருகினார்.

"ஏன்னா, அன்னைக்கு நீ கத்தல தம்பி. ரெண்டு வருஷமா பொண்ணைப் பார்க்கல, கையில ஒண்ணுமில்லாம எப்படி வீட்டுக்குப் போறதுன்னு கவுன்டர்ல தலையை வெச்சு அழுதே. அந்தக் கவுன்டர்ல இருந்தது நான்தான்னு சொன்னா, எல்லாரும் அன்னைக்கு நிஜமா என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட கேட்பாங்க. அதனாலதான் சொல்லல."